அமெரிக்காவில் நாத்திகர் எத்தனை பேர்? இலவச சர்வே தளங்கள்: ஒரு மதிப்பீடு

“அமெரிக்காவில் 30% பேர் நாத்திகர்கள்.” பெங்களூரில் வாசகர் வட்டத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் கல்லூரிக் கட்டுரைக்கும் எண் தேடுகிறவர்கள் கையில் அடிக்கடி சிக்குவது இந்த வாக்கியம்தான். வொயிட்ஃபீல்டில் நாள் முழுக்க அமெரிக்க சர்வே டேட்டாவோடு இருக்கிற அனலிஸ்ட்கூட இதை நம்பிவிடுவார். ஆனால் இது தவறு. அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ ஆய்வு மையத்தின் அட்டவணையில் மதம் சாராதோர் 29% என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு உட்பட்ட வரியைப் பார்த்தால் நாத்திகர் 5% தான். இரண்டு வரிக்கும் நடுவே சுமார் ஆறு கோடி மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று காட்டுவதில் எந்தத் தளம் எவ்வளவு உதவும், எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் அடிப்படை. அமெரிக்க அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதில்லை. மத நம்பிக்கையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அதற்கு முன் 1957இல் ஒரே ஒரு தடவை, அரசின் மாதாந்திர மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றில் கேட்டுப் பார்த்தார்கள். நம் ஊரில் சென்சஸ்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் மதம் கேட்டு எழுதுவார். 2011இல் “மதம் தெரிவிக்கவில்லை” என்ற வரியில் ஏறக்குறைய 28.7 லட்சம் பேர் வந்தார்கள். அது தலை எண்ணிய கணக்கு. அமெரிக்காவில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. அங்கே மதம், கடவுள் பற்றி வருகிற எந்த சதவீதமும் மாதிரி எடுத்துப் போட்ட மதிப்பீடுதான். ஆகவே யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், என்ன வார்த்தையில் கேட்டார்கள் என்ற மூன்றும் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும்.

இருப்பதில் பெரியது பியூவின் மத நிலவர ஆய்வு. 2007, 2014, 2023-24 என மூன்று முறை நடந்திருக்கிறது. கடைசிச் சுற்று 2023 ஜூலையிலிருந்து 2024 மார்ச் வரை ஓடி, 2025 பிப்ரவரியில் வெளியானது. மொத்தம் 36,908 பேர். பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 0.8 சதவீதப் புள்ளி. ஆயிரம் பேரிடம் எடுக்கிற வழக்கமான சர்வேக்கு இது மூன்றைத் தாண்டும் என்பதை வைத்து இதன் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

தளத்தைத் திறந்தால் மத வாரியாக, மாநில வாரியாக, நம்பிக்கை வாரியாகப் பக்கங்கள் விரியும். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கிடையாது. படங்களை போனிலேயே படித்துவிடலாம். குறுக்கு அட்டவணைகளுக்கு மட்டும் அகலமான திரை நல்லது.

கிடைக்கிற சித்திரம் இது. கிறிஸ்தவர் 62%, மற்ற மதத்தினர் 7%, மதம் சாராதோர் 29%. இந்தக் கடைசிக் கூட்டத்தை உடைத்தால் நாத்திகர் 5%, அக்னாஸ்டிக் என்கிற அறியவொண்ணாவாதிகள் 6%, “குறிப்பாக எதுவும் இல்லை” என்றவர்கள் 19%. கூட்டிப் பார்த்தால் 30 வருகிறதே என்று பலர் தடுமாறுவார்கள். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக முழு எண்ணாக்கப்பட்டதால் வரும் ஒரு புள்ளி அது. தளத்தின் பிழை இல்லை. கட்டுரையில் எழுதும்போது 29ஐயே எழுதுங்கள், உள்பிரிவுகளைக் கூட்டிப் புதிதாக 30 என்று உருவாக்காதீர்கள்.

அந்த 19% தான் கவனிக்க வேண்டிய கூட்டம். அமெரிக்காவில் வயது வந்தோர் 2020 கணக்கெடுப்பில் சுமார் 25.8 கோடி. அதில் 19% என்றால் ஏறக்குறைய 4.9 கோடி. நாத்திகர்கள் சுமார் 1.3 கோடி. இந்த நாலே முக்கால் கோடியைத் தாண்டிய கூட்டத்துக்கு சர்ச் கிடையாது, ஆனால் சாமி இல்லை என்றும் இவர்கள் சொல்லவில்லை. மதம் சாராதோரை மட்டும் தனியாக ஆராய்ந்து பியூ 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 13% பைபிள் சொல்லும் கடவுளையும், 56% வேறு ஏதோ ஒரு மேலான சக்தியையும் நம்புகிறார்கள். எதுவுமே இல்லை என்றவர்கள் 29%. “கோயிலுக்குப் போறதில்ல, ஆனா மேல ஒருத்தன் இருக்கான்” என்று நம் ஊரில் சொல்கிறவரைப் போன்றவர்களே அங்கே மதம் சாராதோரில் பெரும்பான்மை. மதமறுப்பு வேறு, கடவுள் மறுப்பு வேறு என்பது தமிழில் நமக்குப் பழகிய பிரிவினை. அதை இந்த அட்டவணையிலும் கடைப்பிடித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பியூவின் கேள்வி வடிவமும் இதற்கு ஒரு காரணம். “உங்கள் தற்போதைய மதம் எது, ஏதாவது இருந்தால்?” என்று தொடங்கி, புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம், இந்து என்ற வரிசையிலேயே நாத்திகர், அறியவொண்ணாவாதி, குறிப்பாக எதுவும் இல்லை என்பவற்றையும் வாய்ப்பாகத் தருகிறார்கள். ஆக, 5% என்பது தன்னை நாத்திகர் என்று அழைத்துக்கொள்கிறவர்களின் எண். கடவுளை நம்பாதவர்களின் எண் அது இல்லை. நம்பிக்கை பற்றித் தனிக் கேள்வி இருக்கிறது: “கடவுளை அல்லது பிரபஞ்ச ஆவியை நம்புகிறீர்களா?” அதற்கு 83% ஆம் என்கிறார்கள். அப்படியானால் ஆம் என்று சொல்லாதவர்கள் 17%. நாத்திகர் 5%, ஆம் சொல்லாதவர் 17%: இரண்டும் ஒரே ஆய்வில், இரண்டும் சரி. கடவுளை நம்பாத பலர் அந்தப் பெயரைச் சூடிக்கொள்வதில்லை. அந்தப் பெயரைச் சூடியவர்களிலும் 23% பேர் ஏதோ ஒரு மேலான சக்தியை நம்புவதாக 2024 அறிக்கையில் வருகிறது.

பியூவின் 2018 ஆய்வு ஒன்று இந்த இடத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தது. 4,700க்கு மேற்பட்டவர்களிடம் கடவுளை நம்புகிறீர்களா என்று நேராகக் கேட்டார்கள். 80% ஆம், 19% இல்லை. பிறகு இரண்டு பக்கத்தாரிடமும் இன்னொரு கேள்வி போட்டார்கள். ஆம் என்றவர்களிடம், “பைபிள் விவரிக்கும் கடவுளையா, வேறு ஒரு சக்தியையா?” இல்லை என்றவர்களிடம், “அப்படியானால் வேறு ஏதாவது மேலான சக்தி?” 80இல் 56 தான் பைபிள் கடவுள். 19இல் 9 பேர் ஏதோ ஒரு சக்தி உண்டு என்றார்கள். அடியோடு எதுவும் இல்லை என்றவர்கள் 10%. சர்வே கேள்வி எழுதப் பழகுகிற மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அறிக்கையோடு வரும் கேள்வித்தாளைத் தரவிறக்கி வரிவரியாகப் படிக்கலாம்.

பியூவின் பலவீனம் காலத்தை ஒப்பிடும் இடத்தில் இருக்கிறது. 2007, 2014 இரண்டும் தொலைபேசி ஆய்வுகள். 2023-24இல் தபால் முகவரிப் பட்டியலிலிருந்து வீடுகளைத் தேர்ந்து கடிதம் அனுப்பினார்கள். பெரும்பாலோர் இணையத்தில் தாங்களே பதில் நிரப்பினார்கள். மற்றவர்கள் காகிதத்தில், சிலர் மட்டும் போனில். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்கும்போது ஜெபம், சர்ச் வருகை பற்றியெல்லாம் ஆட்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். ஆகவே தினமும் ஜெபிப்போர் 2007இல் 58%, 2014இல் 55%, 2023-24இல் 44% என்ற சரிவில் ஒரு பகுதி, கேட்ட முறை மாறியதால் வந்தது. பியூவே இந்த எச்சரிக்கையைத் தருகிறது. முகப்புப் படத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. கிறிஸ்தவர் பங்கு 78, 71, 62 என்று இறங்கியது மட்டும் திடமான போக்கு. அதிலும் 2019க்குப் பிறகு எண் 60க்கும் 64க்கும் இடையிலேயே நிற்கிறது. வழுக்குப்பாறை போல இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினால் கடைசி ஐந்தாண்டு அதற்கு ஒத்துவராது.

பதில் தந்தவர் விகிதம் சுமார் 20%. அதாவது பத்து வீட்டுக்குக் கடிதம் போனால் இரண்டு வீடு பதில் தருகிறது. இன்றைய அமெரிக்காவில் அது நல்ல விகிதம். வயது, படிப்பு, இனம் பார்த்து, குறைவாகப் பதில் தந்த பிரிவினருக்குக் கூடுதல் கனம் கொடுத்து, அதாவது எடை போட்டு, இந்த இடைவெளியை நிரப்புகிறார்கள்.

மூல டேட்டாவை எடுக்க வேண்டுமென்றால் பியூவில் இலவசக் கணக்கு ஒன்று போதும். கோப்பு பெரும்பாலும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் வடிவில் வரும், எக்செல் அதைத் திறக்காது. காசு கொடுத்து எஸ்.பி.எஸ்.எஸ். வாங்கத் தேவையில்லை. இலவசமான பி.எஸ்.பி.பி., ஜமோவி இரண்டும் திறக்கும், ஆர் என்ற நிரல்மொழி தெரிந்தால் அதன் ஹேவன் பேக்கேஜ் போதும். திறந்ததும் முதல் வேலையாக எடைக்கான நெடுவரிசையைத் தேடி அதை இயக்குங்கள். எடை போடாமல் எண்ணினால் வயதானவர்களும் படித்தவர்களும் கூடுதலாகத் தெரிவார்கள். வயதுக்கேற்ப மதப் பிடிப்பு தலைகீழாக மாறும் நாட்டில் அது விடையையே புரட்டிவிடும்: 18 முதல் 24 வயதுக்காரர்களில் கிறிஸ்தவர் 46%, மிக மூத்த பிரிவில் 80%. இரண்டாவது, பதில் மறுத்தவர்களுக்கு பியூ பெரும்பாலும் 99 என்று குறியீடு போடும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் அர்த்தமற்ற எண் வரும். அனலிஸ்ட்கள்கூட அவசரத்தில் சறுக்குகிற இடம் இது.

அடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் அமைப்பின் பொதுச் சமூக ஆய்வு, ஜி.எஸ்.எஸ். இது 1972 முதல் நடக்கிறது. ஆட்கள் குறைவு, 2021இல் 4,032 பேர். ஆனால் கடவுள் பற்றிய கேள்வியில் இதற்கு நிகர் இல்லை. 1988 முதல் ஆறு பதில்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்கிறார்கள். நம்பவில்லை; இருக்கிறாரா என்று தெரியாது, அறிய வழியும் இல்லை; ஆள் வடிவக் கடவுளை நம்பவில்லை, மேலான ஒரு சக்தி உண்டு; சில நேரம் நம்புகிறேன், சில நேரம் இல்லை; சந்தேகங்கள் உண்டு, ஆனாலும் நம்புகிறேன்; கடவுள் உண்டு என்று அறிவேன், எனக்குச் சந்தேகமே இல்லை. மனிதர்களின் நம்பிக்கை ஆம், இல்லை என்ற இரண்டு பெட்டியில் அடங்காது என்பதை இந்தக் கேள்வி மதிக்கிறது. 1990களில் கடைசிப் பதிலைச் சொன்னவர்கள் 60%க்கு மேல்; 2022இல் ஏறக்குறைய பாதி. முதல் பதில் சுமார் 2%இலிருந்து 7% அளவுக்கு ஏறியது. நடுவில் இருக்கிற நாலு பதில்களில்தான் அமெரிக்காவின் பெரும் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

இதை நீங்களே எடுத்துப் பார்க்க இரண்டு வழி. நார்க்கின் டேட்டா எக்ஸ்ப்ளோரர் அழகானது, கணக்குத் தொடங்க வேண்டும். பெர்க்லியின் எஸ்.டி.ஏ. தளம் பார்க்கப் பழையது, ஆனால் வேகமானது. புதியவர்களுக்கு அதையே சிபாரிசு செய்கிறோம். ஜி.எஸ்.எஸ். தொகுப்பைத் தேர்ந்து, வரிசைக் கட்டத்தில் ‘காட்’ என்ற மாறியையும் நெடுவரிசைக் கட்டத்தில் ‘இயர்’ என்பதையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். இளைஞர்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஃபில்டர் கட்டத்தில் ‘ஏஜ்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 18-29 போடுங்கள். எடைப் பட்டியலில் டபிள்யூ.டி.எஸ்.எஸ்.பி.எஸ். இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 1972 முதல் எல்லா ஆண்டுக்கும் பொருந்துவது அது. சதவீதம் நெடுவரிசைப்படி இருக்கட்டும். வரிசைப்படி போட்டால் “நம்பாதவர்களில் எத்தனை பேர் 2018இல் பதில் சொன்னவர்கள்” என்ற பயனற்ற கேள்விக்கு விடை வரும். இந்தத் தவறைச் செய்யாத மாணவர் அரிது.

ஜி.எஸ்.எஸ்.இல் இரண்டு பள்ளங்கள். எல்லாக் கேள்வியும் எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாதவர்களைப் பொருந்தாது என்று தனிக் குறியீட்டில் வைத்திருப்பார்கள், அவர்களைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். இரண்டாவது, 2018 வரை வீட்டுக்கு வந்து நேருக்கு நேர் கேட்டவர்கள், கோவிட் காரணமாக 2021இல் பெரும்பாலும் இணையத்துக்கு மாறினார்கள். மதம் இல்லை என்றவர்கள் 1972இல் சுமார் 5%, 2018இல் 23%, 2021இல் 28% அளவு. அந்தக் கடைசித் தாவலை மூன்றாண்டு மாற்றம் என்று படிக்காதீர்கள். 2022இல் 27%க்கு வந்து நின்றது.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீண்ட நினைவு அதன் பலம்: “கடவுளை நம்புகிறீர்களா?” என்று 1944இல் கேட்டபோது 96%, 1950களில் 98% வரை, 2022இல் 81%. தலைப்புவாரிப் பக்கங்கள் இலவசம், ஆழமான டேட்டாவுக்குச் சந்தா. கவனிக்க வேண்டியது ஒன்று. 2023இல் நம்புகிறேன், உறுதியில்லை, நம்பவில்லை என்று மூன்று வாய்ப்பு கொடுத்தபோது விடை 74, 14, 12 என்று வந்தது. 81 ஒரே ஆண்டில் 74 ஆகச் சரிந்தது என்று எழுதுவது பெரும் பிழை. 2022 கேள்வியில் நடு வாய்ப்பே கிடையாது. அதைத் திறந்துவிட்டதும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் அங்கே வந்தார்கள்.

மதம் சாராதோர் கேலப்பில் 21-22%, பி.ஆர்.ஆர்.ஐ. என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வு அமைப்பில் 2023க்கு 27%, பியூவில் 29%. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். கேலப் தொலைபேசியில் பேசுகிறது, மற்ற இரண்டும் பெரும்பாலும் திரையில் கேட்கின்றன. இந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதுகிறவரின் கட்டுரையை நம்பலாம்.

“வெளியில் சொல்லப் பயந்து ஒளிந்திருக்கும் நாத்திகர்கள் ஏராளம்” என்ற வாதமும் அடிக்கடி வரும். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கென்டக்கி பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜெர்வைஸ், நாஜ்லே 2018இல் வெளியிட்ட ஆய்வு. முறை அருமையானது. ஒரு குழுவுக்குச் சாதாரணமான சில வாக்கியங்கள். இன்னொரு குழுவுக்கு அதே பட்டியலோடு கடவுளை நம்பவில்லை என்ற ஒரு வாக்கியம் கூடுதல். எது பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். ஒரு குழுவின் சராசரி 2.10, மற்றதன் சராசரி 2.36 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 26%. யாருடைய ரகசியமும் வெளியே வராது. அவர்களுக்குக் கிடைத்த மதிப்பீடும் 26% தான். ஆனால் சோதனைக்காக அதே முறையில், இரண்டும் இரண்டும் கூட்டினால் 13ஐவிடக் குறைவு என்று நம்பவில்லை என்ற அபத்தமான வாக்கியத்தையும் வைத்தார்கள். அதற்கு 34% வந்தது. கவனமின்றி நிரப்புவோரின் இரைச்சல் எவ்வளவு என்று அந்த எண்ணே சொல்கிறது. மறைக்கிறவர்கள் உண்டு என்பதற்கு இந்த ஆய்வைச் சுட்டலாம். 26% என்பதை உண்மை எண்ணாக மேடையேற்றக் கூடாது.

மறுபக்கத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 1993இல் ஹாடவே, மார்லர், சேவ்ஸ் மூவரும் ஒஹையோவின் ஆஷ்டபுலா வட்டாரத்தில் சர்ச்சுகளுக்கு உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கையைத் திரட்டி, மக்கள் சொன்னதோடு ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார்கள். போவதாகச் சொன்ன புராட்டஸ்டன்ட்களில் ஏறக்குறைய பாதி அளவுதான் உள்ளே இருந்தார்கள். நம்பிக்கை பற்றிய பதிலையும் நடத்தை பற்றிய பதிலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கடைசியாக, அமெரிக்க இந்துக்கள் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு. பியூவின் பெரிய ஆய்வில் இந்துக்கள் சுமார் 1%. 36,908இல் 1% என்றால் 370 பேர் அளவு. அத்தனை சிறிய கூட்டத்துக்கு வெறும் கணக்கிலேயே பிழை வரம்பு 5 புள்ளி; எடையின் விளைவையும் சேர்த்தால் உத்தேசமாக 8. அதை வைத்து இந்துக்களில் இத்தனை சதவீதம் என்று நுணுக்கமாக எதையும் சொல்ல முடியாது. மேலும் அந்த ஆய்வு ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டு மொழியில் மட்டும் நடந்தது. இதற்கு 2022-23இல் 7,006 ஆசிய அமெரிக்கர்களிடம் பியூ நடத்திய தனி ஆய்வையே பயன்படுத்துங்கள். அதில் இந்திய அமெரிக்கர்களில் இந்துக்கள் 48%, கிறிஸ்தவர் 15%, மதம் சாராதோர் 15%. மொழிகள் ஆறு, இந்தி உண்டு, தமிழ் இல்லை. மகன், மகள் வீட்டுக்கு வயதான பிறகு போய்ச் சேர்ந்து, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசுகிற பெற்றோரின் குரல் அதில் வர வழியில்லை. இதே பியூ 2019-20இல் இந்தியாவில் 29,999 பேரிடம் 17 மொழிகளில் நேரில் கேட்டபோது தமிழிலும் கேட்டது. கடவுள், ஜெபம், விதி, கர்மம் என்று தமிழில் எப்படிக் கேட்பது என்பதற்கு அவர்கள் கையிலேயே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அடுத்த சுற்றில் அதை அமெரிக்காவிலும் எடுத்து வைக்கலாம்.